பொன்மலைப் பணிமனையும் பழைய நீராவி எஞ்சின்களின் கால ஆராய்ச்சியும்

தமிழகத்தின் இடைக்கால வரலாற்றை ஆராய்வார்க்குக் கோயிற் சுவர்கள் முதற்சான்றாய் நிற்கின்றன. கடந்த ஒன்றரை நூற்றாண்டின் வரலாற்றை ஆராய்வார்க்கும் அத்தகைய சான்றிடங்கள் சில உள. அவற்றுள் ஒன்று இருப்புப்பாதைப் பணிமனை. ஆயினும், புகைவண்டியைப் பற்றி எழுதப் புகுவோர் பாதை திறந்த ஆண்டினையும் நிலையங்களின் பெயரினையும் கூறி, பணிமனையின் மதிற்சுவருக்குப் புறத்தேயே நின்றுவிடுகின்றனர். மதிலுக்குள் நிகழ்ந்த தொழிலும், அதனைச் செய்த மக்கள்தம் வாழ்வும், ஆண்டுதோறும் பிரித்துக் கோக்கப்பெற்ற எஞ்சின்களும் ஆராய்ச்சியாளர் கண்ணிற்படாமலே பெரிதும் போயின. திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலைப் பணிமனை எவ்வாறு தோன்றிற்று என்பதனையும், பழைய நீராவி எஞ்சின் ஒன்றின் காலத்தை எதனைக் கொண்டு துணிதல் வேண்டும் என்பதனையும் ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் சொல்லைப் பற்றிச் சிறிது கூறுதல் இன்றியமையாதது. 'பணிமனை' என்பது ஏட்டு வழக்கு. ஆண்டுத் தொழில் செய்வார் 'ஒர்க்‌ஷாப்' என்றே வழங்குவர். 'பட்டறை' என்னும் சொல்லும் உண்டு. அது பட்டடை என்பதன் திரிபு. பட்டடை என்பது கொல்லன் இரும்பை வைத்தடிக்கும் அடைகல்லைக் குறித்த பழஞ்சொல் ஆதலும், திருக்குறளில் கூடாநட்பு அதிகாரத்து அஃது உவமையாய் வருதலும் கற்றோர் அறிவர். கருவியின் பெயர் அக்கருவி நின்ற இடத்திற்கு ஆயிற்று. எஞ்சின், பாய்லர், லேத்து, பிட்டர், டர்னர், போர்மன் முதலாயின ஆங்கிலத்தினின்று வந்தவை. 'கலாசி' என்னும் சொல்லின் வரலாறோ வேறு. பணிமனையில் தேர்ச்சித் தொழிலாளிக்குத் துணைநிற்கும் கையாளை அச்சொல் குறிக்கும். அஃது அரபு மொழியினின்று இந்துத்தானி வழியாக வந்தது. கப்பலோட்டுவோரையும் துறைமுகப் பணியாளரையும் குறித்து முன்னர் வழங்கியது. கடற்றொழிலுக்குரிய சொல்லொன்று இருப்புப்பாதையில் ஏறி வந்தமை நோக்கத்தக்கது. பொன்மலையின் வரலாறும் ஒரு துறைமுகத்திலேயே தொடங்குகின்றது.

சென்னை மாகாணத்தின் முதல் இருப்புப்பாதை கி. பி. 1856-இல் இராயபுரத்தினின்று வாலாசா வரை திறக்கப்பெற்றது. அதற்குரிய சென்னை இருப்புப்பாதைக் கம்பெனியின் பணிமனை பெரம்பூரில் எழுந்தது. சோழநாட்டிற்கு வந்த பாதை பிறிதொரு கம்பெனியினது. கிரேட் சதர்ன் ஆப் இந்தியா ரெயில்வே என்னும் அக்கம்பெனியார் நாகப்பட்டினத்தைத் தலையிடமாகக் கொண்டு, 1861-இல் தஞ்சாவூர் வரையிலும் 1862-இல் திருச்சிராப்பள்ளி வரையிலும் பாதை அமைத்தனர். நாகப்பட்டினத்தை அவர் தேர்ந்ததற்குக் காரணம் வெளிப்படை. தண்டவாளமும் எஞ்சினும் இங்கிலாந்தினின்று கப்பலிலேயே வருதல் வேண்டும். அவை உறுப்பு உறுப்பாகப் பிரிக்கப்பெற்று வந்து கரையில் இறங்கியபின் மீண்டும் கோக்கப்பெற்றன. கோக்கும் இடமே பின்னர்ப் பழுது பார்க்கும் இடமாகவும் ஆயிற்று. பழைய துறைமுகப் பட்டினம் ஒன்று பணிமனை ஊராக மாறியது இவ்வாறே.

இப்பாதை முதலில் ஐந்தடி ஆறங்குல அகலமுடையதாய் இருந்தது. 1874-இல் இக்கம்பெனியும் கர்நாட்டிக் இருப்புப்பாதைக் கம்பெனியும் ஒன்றாகித் தென்னிந்திய இருப்புப்பாதை என்னும் பெயர் பெற்றன. 1875-இல் நாகப்பட்டினம்–திருச்சிராப்பள்ளிப் பாதை மீட்டர் அளவினதாகக் குறுக்கப்பெற்றது. பதினைந்து ஆண்டுகூட நிரம்பாத அகலப்பாதை எஞ்சின்களுக்கு அவ்வழியில் அன்றே வேலை இல்லாதாயிற்று. எஞ்சின் ஒன்று பழையதாதல் ஆண்டு கழிதலால் மட்டும் நிகழ்வதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. இரும்பு தேயவில்லை, பாதை சுருங்கியது. நூற்றிருபது ஆண்டுகட்கு மேற்பட்ட காலம் கழிந்தபின் அதே வழி மீண்டும் அகலப்பாதை ஆக்கப்பெற்றதையும், அப்பொழுது மீட்டர்ப்பாதை எஞ்சின்கள் அதே கதியை அடைந்ததையும் இதனோடு ஒப்பிட்டு நோக்குக.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென்னிந்திய இருப்புப்பாதை பெரிதும் விரிந்தது. கம்பெனியின் தலைமை அலுவலகம் திருச்சிராப்பள்ளியில் இருந்தது. நாகப்பட்டினம் கடற்கரை ஓரத்தது. மீட்டர்ப்பாதை ஒன்றே உடையது. ஈரோட்டிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு வரும் பாதையை அகலப்பாதையாக மாற்றும் வேலை 1929-இல் நிறைவேறியது. எனவே இருவகைப் பாதைக்கும் உரிய வண்டிகளை ஓரிடத்தே செப்பனிடத்தக்க புதிய பணிமனை வேண்டப்பட்டது. அதற்குத் தேர்ந்த இடமே பொன்மலை. இலக்கியத்தில் பொன்மலை என்றால் மேருவையே நினைக்கும் வழக்கமுடைய நமக்கு, இச்சிறு பாறை அப்பெயர் தாங்கி நிற்றல் சற்று வியப்பாகவே உளது. வரலாற்றாசிரியர்க்கு இப்பாறை வேறொரு காரணத்தால் தெரிந்தது: கி. பி. 1753-இல் கருநாடகப் போர்களின்போது மேசர் லாரன்சு தலைமையில் ஆங்கிலப் படை பிரெஞ்சுக்காரரையும் அவர்தம் துணைவரையும் எதிர்த்துப் பொருத களம் இது. 1926-இல் தொடங்கிய கட்டட வேலை முற்றுப்பெற்று 1928-இல் பணிமனை இயங்கலாயிற்று. தொழிலாளர் குடியிருப்பும் உடனெழுந்தது. ஞாயிறுதோறும் கூடும் பொன்மலைச் சந்தை சுற்றூர் மக்களெல்லாம் அறிந்தது. பணிமனையின் ஊதொலியைச் 'சங்கு' என்று கூறும் வழக்கினையும் இங்கே குறித்தல் தகும். கோயிலிலும் பிணப்பறையோடும் ஒலித்த சங்கின் பெயரை, வேலைக்கு அழைக்கும் நீராவி ஊதுகுழலுக்கு நம் மக்கள் தயங்காது இட்டனர்.

புதிய பணிமனையின் பிறப்பை வளர்ச்சியின் கதையாக மட்டும் எழுதுவார் உளர். அது முழு உண்மை ஆகாது. பல ஊர்ப் பணிமனைகளை ஓரிடத்தே குவித்தல் என்பது ஆட்குறைப்பினையும் உடன்கொண்டு வந்தது. நாகப்பட்டினத்திலும் போத்தனூரிலும் தலைமுறையாகத் தொழில் செய்தோர் ஊர்விட்டுப் பெயர்தல் அல்லது வேலை இழத்தல் என்னும் நிலையை எய்தினர். 1928 சூலைத் திங்களில் தென்னிந்திய இருப்புப்பாதைத் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தம் இதன் விளைவேயாகும். அது பத்து நாளளவில் அடக்கப்பட்டது. 1923-இல் சென்னையில் மே நாளை முதன்முதற் கொண்டாடிய ம. சிங்காரவேலர், முகுந்தலால் சர்க்கார் ஆகிய தலைவர்கள் சிறைப்பட்டனர். அவர்கட்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பெற்றுப் பின்னர் அது குறைக்கப்பெற்றது. சிங்காரவேலர் அப்பொழுது அறுபத்தெட்டு அகவையினர். பொன்மலைப் பணிமனை திறந்த ஆண்டும் இவ்வேலைநிறுத்தம் நிகழ்ந்த ஆண்டும் ஒன்றாதலைத் தற்செயல் என்று தள்ளுதல் இயலாது. ஒன்று மற்றொன்றன் மறுபுறம் என்றே யாம் கருதுகின்றோம். நாகப்பட்டினத்தின் இக்கால வரலாற்றை எழுதுவோர் அதன் துறைமுகத் தேய்வைப் பற்றி விரித்துரைப்பர். பணிமனை பெயர்ந்ததைப் போகிற போக்கிற் கூறுவர். ஊதியம் பெறும் குடும்பங்கள் ஊரை விட்டு அகலுதல், துறைமுகத்திற்குக் கப்பல் வருதல் குறைவதைவிடச் சிறிய செய்தியன்று.

1944-இல் தென்னிந்திய இருப்புப்பாதை அரசினர் ஆட்சிக்குள் வந்தது. அதன்பின் 1946-இல் மீண்டும் பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. அவ்வாண்டு செப்தம்பர் 5-ஆம் நாள் மலபார் சிறப்புக் காவற்படையினர் பொன்மலையில் துப்பாக்கியாற் சுட, தொழிலாளர் ஐவர் உயிர் நீத்தனர். ஆண்டுதோறும் அந்நாளில் பொன்மலைச் சங்கத்திடலில் தொழிலாளர் அவர்களை நினைவு கூர்கின்றனர். பகைவர் கொண்ட ஆநிரையை மீட்கப் பொருது பட்டார்க்கு நடுகல் எடுத்த மரபினை ஆராய்வார், இந்நினைவு நாளையும் அம்மரபின் நீட்சியாகக் கொள்ளலாகுமோ என்று ஆராய்தல் தகும். யாம் அதனை உறுதியாகக் கூறத் துணியோம். நடுகல்லில் வீரன் பெயரும் ஊரும் அரசன் ஆட்சியாண்டும் உண்டு. இங்கே நாளும் இடமும் மக்கள் நினைவிலே நிற்கின்றன. ஆட்சியோ எதிர்ப்பக்கத்தில் நின்றது.

இனிப் பணிமனையின் உட்புகுவோம். நீராவி எஞ்சின் பழுது பார்க்கப்பெறும் முறையை ஓரளவேனும் அறிந்தாலன்றி அதன் காலத்தை ஆராய்தல் இயலாது. குறித்த கால இடையீட்டில் எஞ்சின் பணிமனைக்கு வரும். வந்ததும் அதனை முற்றும் பிரிப்பர். கொதிகலன் சட்டகத்தினின்று தூக்கப்பெற்றுத் தனிக்கூடத்திற்குச் செல்லும். சக்கரங்கள் அச்சோடு உருட்டப்பெற்றுக் கடைசற் பொறிக்குப் போகும். இயக்கத் தண்டுகளும் உருளைகளும் வேறு வேறு கூடங்கட்குப் பிரியும். கொதிகலனுள் நெருப்பின் வெம்மை செல்லும் குழாய்கள் நீரிலுள்ள உப்புப் படிந்து கெடும். அவற்றைப் பிடுங்கிப் புதியன செருகுவர். நெருப்பறைத் தகட்டைத் தாங்கும் மரைத்தண்டுகள் நூற்றுக்கணக்கின. அவற்றுள் முறிந்தவற்றைச் சுத்தியால் தட்டி ஒலி வேறுபாட்டால் அறிவர். செவியே அங்கு அளவுகோல். பின்னர்க் கொதிகலனில் நீரை நிரப்பி, அது தாங்கவேண்டிய அழுத்தத்திற்கு மேற்பட்ட அழுத்தத்தில் ஆய்வு செய்வர். சக்கரத்தின் புறவட்டமாகிய எஃகு வளையத்தைச் சூடேற்றி விரிவித்துச் சக்கரத்தின்மேல் இட்டுக் குளிரச் செய்ய, அது சுருங்கி இறுகப் பற்றும். மாட்டு வண்டிச் சக்கரத்திற்கு ஊர்க் கொல்லன் வரட்டித் தீயிற் சுட்டு இரும்புப் பட்டை ஏற்றும் முறையும் இதுவே. அளவிலும் துல்லியத்திலும் வேறுபாடு உண்டேயன்றிக் கொள்கையில் வேறுபாடு இல்லை. ஆதலின் வண்டிப் பட்டை ஏற்றிப் பழகிய கைக்கு இத்தொழில் முற்றும் அயலாகத் தோன்றியிராது.

இவ்வாறு பிரிக்கப்பெற்ற எஞ்சின் மீண்டும் கோக்கப்பெறும்போது அதே உறுப்புகளைப் பெறுதல் உறுதியன்று. ஒரே வகை எஞ்சின்கள் பல இருப்பின், ஒன்றன் கொதிகலன் செப்பனிடப்பெறும் வரை எஞ்சினை வெறிதே நிறுத்துதல் வீண். முன்னரே செப்பனிட்டு வைத்த மற்றொன்றன் கொதிகலனை எடுத்து ஏற்றிவிடுவர். தண்டுகளும் அவ்வாறே மாறும். முப்பது நாற்பது ஆண்டு ஓடிய எஞ்சினில் முதன்முதல் வந்த கொதிகலன் இருத்தல் அரிது. அங்ஙனமாயின், எஞ்சினின் முன்புறத்தோ பக்கத்தோ பதித்த தகட்டிற் காணும் ஆண்டு எதனுடைய ஆண்டு? தொழிலாளர் வழக்கில் இதற்கு விடை உண்டு: சட்டகமே எஞ்சின், எண் சட்டகத்தோடு செல்லும். ஆயினும் உறுப்புகளின்மேல் அடித்த எண்கள் தம் பழைய உடைமையாளரைக் காட்டிக்கொடுக்கும். தண்டின் முனையிலும் இணைப்புகளிலும் அச்சுளியால் அடிக்கப்பெற்ற சிற்றெண்களை நோக்கினால், ஓர் எண்ணுடைய எஞ்சினில் வேறிரண்டு மூன்று எஞ்சின்களின் உறுப்புகள் கலந்திருத்தலைக் காணலாம். அருங்காட்சியகங்களில் நிறுத்திய எஞ்சின்களில் இவ்வெண்கள் வண்ணப் பூச்சிற்குள் மறைந்து கிடத்தல் பெரிதும் வருந்தத்தக்கது. கல்வெட்டின்மேல் சுண்ணம் பூசுதலை ஒத்த செயல் அது.

இவ்வாராய்ச்சிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு நீலகிரி மலைப்பாதை எஞ்சின்கள். மேட்டுப்பாளையத்தினின்று குன்னூர் வரை 1899-இலும், உதகமண்டலம் வரை 1908-இலும் திறக்கப்பெற்ற அப்பாதை, ஏறத்தாழ 46 கிலோமீட்டர் நீளமுடையது. பன்னிரண்டடி செல்ல ஓரடி உயரும் செங்குத்தான ஏற்றத்தில் சக்கரத்தின் பற்று மட்டும் போதாது. ஆதலின் கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம் பதித்தனர். இதற்கென சுவிட்சர்லாந்து நாட்டு விண்டர்தூர் நகரத்துத் தொழிற்சாலை 1914 முதல் 1952 வரை 'எக்ஸ்' வகை எஞ்சின்களைச் செய்தளித்தது. இவற்றில் நான்கு உருளைகள் உள. சமநிலத்தில் இரண்டே இயங்கிச் சக்கரங்களை உருட்டும். பற்சட்டம் தொடங்கும் இடத்தில், அவ்விரண்டினின்றும் வெளிப்படும் நீராவியை வீணே விடாது மற்ற இரண்டனுக்குச் செலுத்த, அவை பற்சக்கரங்களைச் சுழற்றும். எஞ்சின் வண்டித்தொடரின் கீழ்ப்புறத்தே நின்று அதனை மேல்நோக்கித் தள்ளிச் செல்லும். 2005-இல் ஒன்றிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் இப்பாதையை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

இவ்வெஞ்சின்கள் பெரும்பழுது பார்க்கப்பெறும் இடம் பொன்மலையே. விண்டர்தூர்த் தொழிற்சாலை நீராவி எஞ்சின் செய்வதை விட்டு நெடுங்காலம் ஆகிவிட்டமையின், உறுப்பு தேய்ந்தால் வாங்குதற்கு இடமில்லை. செய்தே கொள்ளல் வேண்டும். அவ்வாறு ஒவ்வோர் உறுப்பாகச் செய்து பழகிய பணிமனை, 2011-க்கும் 2014-க்கும் இடையே எண்ணெயால் எரியும் 'எக்ஸ்' வகை எஞ்சின்கள் நான்கனை முழுவதும் புதியனவாகவே செய்து முடித்தது. 2021-இல் நிலக்கரியால் எரியும் ஒன்றும் அங்கிருந்து வெளிவந்தது. சித்தரஞ்சனில் 1972-இல் நம் நாட்டின் நீராவி எஞ்சின் ஆக்கம் முடிவுற்றது என்று நூல்கள் கூறும். ஏறக்குறைய நாற்பதாண்டு கழித்துப் பொன்மலையில் அது மீண்டும் நிகழ்ந்தமையால் அக்கூற்றைச் சிறிது திருத்திக்கொள்ளுதல் வேண்டும்.

இப்புதிய எஞ்சின்கள் பழையனவோ, புதியனவோ? வேறு நாட்டு மரபுக் காப்பாளர் சிலர் இத்தகையவற்றை வெறும் போலி என்று ஒதுக்குவர். பழைய உறுப்பு ஒன்றேனும் இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. நம் கல்வெட்டு மரபு இதற்கு வேறொரு விடை தருகின்றது. செங்கற் கோயிலைக் கற்றளியாக்கும் பொழுதும், பழைய விமானத்தைப் பிரித்துக் கட்டும் பொழுதும், சுவரிலிருந்த சாசனங்களைப் படியெடுத்து வைத்துப் புதுச் சுவரில் மீண்டும் வெட்டுதல் சோழர் காலத்து வழக்கம். திருமழபாடியில் முதல் இராசராசன் ஆணையால் அவ்வாறு படியெடுக்கப்பெற்றவை முதலாம் இராசேந்திரன் காலத்தில் மீண்டும் பொறிக்கப்பெற்றன. இவ்வாறு வெட்டியவற்றைப் 'பழங்கற்படி' என்று குறித்தலும் உண்டு. அக்குறிப்பின் நேர்மை உற்று நோக்கற்பாலது. எழுத்து பிற்காலத்தது, ஆணை முற்காலத்தது, இரண்டனையும் மறையாது கூறிவிடுகின்றது அச்சொல். ஆராய்ச்சியாளரும் அதனைப் போலி எனத் தள்ளாது, எழுத்தமைதியைக் கொண்டு வெட்டிய காலத்தையும், பொருளைக் கொண்டு ஆணையின் காலத்தையும் தனித்தனியே துணிகின்றனர். பொன்மலையிற் செய்த 'எக்ஸ்' வகை எஞ்சின்கள் இப்பொருளிற் பழங்கற்படிகளே. அமைப்பு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தது. இரும்பும் இணைப்பு முறையும் எரிபொருளும் நம் காலத்தன.

இதற்கு ஒரு தடை நிகழ்த்தலாம். கற்படி எழுத்தை மட்டும் காத்தது. எஞ்சினோ உழைக்கும் பொருள். எண்ணெய் எரிக்கும் எஞ்சினில் நிலக்கரி அள்ளி இடும் தொழிலே இல்லையாயின், காக்கப்பெற்றது யாது? தடை வலிமையுடையதே. பழைய எஞ்சினில் நெருப்பு மூட்டுவோன் தீயின் நிறத்தை நோக்கி ஏற்றத்திற்கு முன்னரே கரியிட்டு ஆவி சேர்க்கும் பழக்கம், எண்ணெய்க் குமிழைத் திருகுதலில் அப்படியே தங்காது. ஆனால் எண்ணெய்க்கு மாறியதற்கும் காரணம் உண்டு. மலைப்பாதைக்குத் தக்க உயர்ந்த கரி கிடைத்தல் அரிதாயிற்று. தீப்பொறி காட்டினுள் விழும் இடரும் இருந்தது. பின்னர் 2021-இல் நிலக்கரி எஞ்சினும் செய்யப்பெற்றமையை நோக்கின், பொன்மலையாரும் இத்தடையை உணர்ந்திருந்தனர் என்று கொள்ளல் தகும்.

பெரம்பூரில் நிகழ்ந்தது பிறிதொரு வகை. 1855-இல் இங்கிலாந்து நாட்டு லீட்சு நகரில் கிட்சன் கம்பெனியார் செய்து, கிழக்கிந்திய இருப்புப்பாதைக்கு அனுப்பிய 21-ஆம் எண் எஞ்சின், 1909-இல் ஓய்வு பெற்று நூறாண்டளவு காட்சிப் பொருளாய் நின்றது. நின்ற காலத்தில் உறுப்புகள் பல காணாது போயின. பெரம்பூர்ப் பணிமனையார் 2010-இல் அதனை மீண்டும் ஓடச் செய்தனர். இங்குச் சட்டகம் பழையது. இயங்கும் உறுப்புகளிற் பல புதியன. தடைக்கருவி முதலியன இக்காலப் பாதுகாப்பு விதிகட்கு ஏற்றன. திருப்பணி செய்த கோயிலில் கருவறை பழையதாயும் மண்டபம் புதியதாயும் இருத்தலை இஃது ஒக்கும். 'உலகில் ஓடும் மிகப் பழைய எஞ்சின்' என்னும் விளம்பரத்தை இதற்கும் இதன் உடன்பிறப்பாகிய 'பேரி குயீன்' என்னும் 22-ஆம் எண் எஞ்சினுக்கும் இடுவர். எவ்வுறுப்பு எக்காலத்தது என்னும் பட்டியலோடு அவ்விளம்பரம் வருமாயின் ஆராய்ச்சியாளர்க்குப் பயன்படும். இல்லையாயின் அது தலபுராணம்.

ஆதலின் பழைய எஞ்சினைக் கல்வெட்டைப் போலவே படித்தல் வேண்டும் என்பது எம் துணிபு. தகட்டை நம்பி நின்றுவிடாது சட்டகத்து எண், கொதிகலன் எண், தண்டுகளில் அடித்த எண் ஆகியவற்றை வேறு வேறாகப் படியெடுத்தல் ஒன்று. அவற்றைப் பணிமனைப் பேரேடுகளோடு ஒப்பிடுதல் மற்றொன்று. மூன்றாவதாக ஒரு சான்று உண்டு. அது தொழிலாளர்தம் சொல். எந்த ஒலி முறிந்த மரைத்தண்டைக் காட்டும், எந்த நிறத்தில் வளையம் ஏறும், எந்த உறுப்பிற்கு எப்பெயர் என்பன பெரும்பாலும் எழுதப்பட்டில. தமிழ் முதுகலை மாணவர் ஒருவர் ஓராண்டு பொன்மலைக் குடியிருப்பிலும் நாகப்பட்டினத்திலும் தங்கி அச்சொற்களைத் தொகுப்பாராயின், அகராதியில் ஏறாத தொழிற்சொற்கள் பல கிடைக்கும்; 1928-இல் ஊர்பெயர்ந்த குடும்பங்களின் வாய்மொழி வரலாறும் உடன் கிடைக்கும். இம்மூன்றனுள் இறுதியதை முதலிற் செய்தல் வேண்டும். எண்கள் இரும்பில் உள. நீராவி எஞ்சின் அன்றாட ஓட்டத்தினின்று 1990-களில் நீங்கிவிட்டமையால், மலைப்பாதைப் பணியிலுள்ள சிலர் ஒழிய, அதனைக் கைதொட்டுப் பழுது பார்த்தோர் பலரும் இன்று முதுமை எய்தியவர்.